உழைத்து ஓய்ந்த வாயில்லா ஜீவனுக்கும் ஹக் உண்டு



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



இந்த வாரத் தலைப்பைப் பார்த்து, ஜும்ஆ மேடையில் நாயைப் பற்றிப் பேசுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் நாயைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஒரு நாயால் ஒரு மனிதருக்குப் பாவமன்னிப்புக் கிடைத்த செய்தியைச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நாமும் பேசலாம்.

பிராணிகள் காப்பகம் எதற்காவது போய்ப் பாருங்கள். குட்டிகளைக் கேட்டு ஆட்கள் வருவார்கள். நல்ல ஜாதி நாய் என்றால் விசாரிப்பார்கள். ஒரு மூலையில் பத்து வயதைத் தாண்டிய நாய் ஒன்று படுத்திருக்கும். கண்ணில் புரை விழுந்திருக்கும். மூட்டு தேய்ந்து பின்னங்கால் இழுக்கும். பல் விழுந்திருக்கும். சிறுநீரகம் பழுதாகித் தினமும் மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். அதைக் கேட்டு யாரும் வருவதில்லை. ஏன்? அது காவல் காக்காது, குழந்தைகளோடு விளையாடாது, இன்னும் எத்தனை நாள் இருக்கும் என்றும் தெரியாது. செலவு மட்டும் உண்டு, பயன் இல்லை.

இன்றைய கேள்வி இதுதான்: பயன் முடிந்துபோன ஓர் உயிருக்கு நம் மீது கடமை ஏதாவது இருக்கிறதா?

ஓய்ந்துபோன ஒட்டகம்

முஸ்னத் அஹ்மதில் யஃலா பின் முர்ரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஓர் ஒட்டகம் நபியவர்களைக் கண்டதும் குரலெழுப்பித் தன் கழுத்தைத் தாழ்த்தியது. அதன் உரிமையாளரை அழைத்து விசாரித்தார்கள். அவர் ஒளிக்காமல் சொன்னார்: இதை வைத்துத் தண்ணீர் இறைத்தோம், இப்போது இதற்கு இறைக்க முடியவில்லை, அறுத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று நேற்றிரவு முடிவு செய்தோம்.

சிந்தித்துப் பாருங்கள். ஒட்டகம் அறுத்து உண்ண ஹலாலான பிராணி. அவர் ஹராமான காரியம் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் நபியவர்கள் அப்படிச் செய்ய வேண்டாம் என்றார்கள். எனக்கு அன்பளிப்பாகக் கொடுங்கள், அல்லது விலைக்குக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர் கொடுத்துவிட்டார். அந்த ஒட்டகம் ஸதகா ஒட்டகங்களோடு சேர்க்கப்பட்டது. உழைத்து ஓய்ந்த ஒரு ஜீவனுக்குப் பெருமானார் ஒரு புகலிடம் அமைத்துத் தந்தார்கள்.

இந்த உணர்வைப் பின்னால் வந்த ஃபிக்ஹு அறிஞர்கள் சட்டமாகவே எழுதினார்கள். ஹிஜ்ரி 660-ல் வஃபாத்தான இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்), ‘சுல்தானுல் உலமா’ என்று போற்றப்பட்டவர். ‘கவாயிதுல் அஹ்காம்’ என்ற தம் நூலில், மனிதன் மீது பிராணிகளுக்கு உள்ள ஹக்குகளைப் பட்டியலிடுகிறார். அதில் முதலாவதாக உணவுச் செலவைச் சொல்கிறார். அந்தப் பிராணி முதுமையாலோ நோயாலோ எந்தப் பயனும் தராத நிலைக்குப் போய்விட்டாலும் உரிமையாளர் அதற்குச் செலவிட்டே ஆக வேண்டும் என்கிறார். நம் கேள்விக்கான பதிலை ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்கள்.

நாய் நஜீஸ் ஆயிற்றே?

ஒட்டகம் சரி, ஆனால் நாய் நஜீஸ் ஆயிற்றே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

ஹனஃபி மத்ஹபில் நாயின் எச்சில் நஜீஸ். அதன் உடல் அப்படி அல்ல என்பதே ஏற்கப்பட்ட கருத்து. ஷாஃபி மத்ஹபில் நாய் முழுவதும் நஜீஸ். அது வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து கழுவ வேண்டும். மாலிகி மத்ஹபில் நாய் தூய்மையான பிராணி. இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தாகத்தில் தவிக்கும் நாய்க்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று எந்த இமாமும் சொல்லவில்லை. நஜீஸ் என்பது கழுவ வேண்டியதைப் பற்றிய சட்டம். இரக்கத்தைத் தடுக்கும் சட்டம் அல்ல.

புகாரியில் வரும் அந்த மனிதரை நினைத்துப் பாருங்கள். கிணற்றில் இறங்கித் தாகம் தீர்த்துக்கொண்டு மேலே வந்தவர், ஒரு நாய் தாகத்தால் ஈர மண்ணை நக்குவதைக் கண்டார். தமக்கு ஏற்பட்ட தாகம் இதற்கும் ஏற்பட்டிருக்கிறதே என்று மீண்டும் கிணற்றில் இறங்கினார். தம் காலுறையில் தண்ணீர் நிரப்பி, அதை வாயில் கவ்விக்கொண்டு மேலே ஏறி வந்து நாய்க்குப் புகட்டினார். அந்தக் காலுறை தோலால் ஆனது. நம் ஊர்க்காரர்களுக்கு அதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. அதை நாய்க்குக் குவளையாக்கினார். அல்லாஹ் அவரை மன்னித்தான். பிராணிகள் விஷயத்திலும் எங்களுக்குக் கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் கேட்டபோது, உயிருள்ள ஒவ்வொன்றிலும் கூலி உண்டு என்ற கருத்தில் நபியவர்கள் பதில் சொன்னார்கள்.

அந்த மனிதர் நாயைத் தம் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார் என்று ஹதீஸில் இல்லை. நாய் இருக்கும் வீட்டில் ரஹ்மத்துடைய மலக்குகள் நுழைவதில்லை என்ற ஹதீஸும், தேவையின்றி நாய் வளர்த்தால் நன்மை குறையும் என்ற ஹதீஸும் நமக்குத் தெரியும். வேட்டை, கால்நடை, பயிர் ஆகியவற்றுக்கான நாய்க்கு மட்டும் அங்கே விலக்கு உண்டு. காவலையும் அதோடு சேர்த்துச் சொன்ன உலமாக்கள் உண்டு. ஆகவே இரக்கம் வேறு, வீட்டுக்குள் வைத்துக்கொள்வது வேறு. இரண்டாவது நமக்குத் தடை என்பதற்காக முதலாவதையும் விட்டுவிடக்கூடாது.

நம் ஊர்க் கணக்கு

இப்போது நம் வாணியம்பாடிக்கு வருவோம்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, நம் ஊர் என்று பாலாற்றுப் பக்கத்துக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் தோல் தொழிலில் ரிஸ்க் தேடியிருக்கின்றன. செத்த ஆட்டின் தோலைக் கூட வீணாக்காமல் பதனிட்டுப் பயன்படுத்தும்படி நபியவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். ஹலாலான, கண்ணியமான தொழில் இது. ஆனால் நம் அடுப்பு எரிந்ததும், பிள்ளைகள் படித்ததும், பெண்களுக்கு நிக்காஹ் நடந்ததும் வாயில்லா ஜீவன்களின் தோலால்தான் என்பதை மறக்கக்கூடாது. மற்ற ஊர்க்காரர்களை விட நமக்கு அந்தக் கடன் அதிகம்.

டேனரி வாசலிலும், தென்னந்தோப்பிலும், ஆட்டுப்பட்டியிலும் காவலுக்கு நாய் வைப்பது நம் பகுதியில் வழக்கம். மார்க்கம் அனுமதித்த தேவைதான். எட்டு வருடம், பத்து வருடம் இரவெல்லாம் விழித்துக் காத்த நாய்க்கு ஒரு நாள் காது கேட்காமல் போகிறது. உடனே ஒரு வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே விட்டுவிட்டு வருகிறார்கள் சிலர். தேவைக்காகத்தான் வைத்தோம், தேவை முடிந்தது என்கிறார்கள்.

சகோதரர்களே! அந்தத் தண்ணீர் ஒட்டகத்தின் உரிமையாளரும் இதைத்தானே சொன்னார்? இமாம் இஸ்ஸுத்தீன் (ரஹ்) அவர்களின் வார்த்தையை இங்கே வைத்துப் பாருங்கள். பயன் முடிந்த அன்று கடமை முடிவதில்லை. சொல்லப்போனால் அன்றுதான் கடமை தொடங்குகிறது. அதற்கு முன்பு நாம் போட்ட சோறு காவலுக்குக் கொடுத்த கூலி. அதற்குப் பிறகு போடும் சோறுதான் அல்லாஹ்வுக்காகப் போடும் சோறு.

வயதான நாயைக் கொண்டுபோய் விடும் தகப்பனைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான். உழைக்க முடியாதவரை என்ன செய்ய வேண்டும் என்று அவனும் ஒரு பாடம் கற்றுக்கொள்கிறான். நாளை அந்தப் பாடம் யார் மீது திரும்பும் என்று யோசியுங்கள்.

அடைத்து வைத்தால் போதுமா?

நாய்களைப் பற்றி நாடே பேசிய வருடம் 2025. ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் தில்லி சுற்றுவட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் வைக்க உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ரேபிஸ் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்றது. நவம்பர் 7 அன்று பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களில் இருந்து பிடிக்கும் நாய்களை மீண்டும் அங்கே விடாமல் காப்பகத்தில் வைக்க உத்தரவானது.

நாய்க்கடியால் பிள்ளைகள் இறக்கும் நாட்டில் இந்தக் கவலை நியாயமானது. மனித உயிரைக் காப்பது முதல் கடமை. ஆனால் காப்பகத்துக்குள் போன நாய்களுக்கும் வயதாகும், நோய் வரும். அப்போது அவற்றை யார் பார்ப்பது? முஸ்லிம்களின் வரலாற்றிலேயே இதற்கு இரண்டு விதமான பதில்கள் இருக்கின்றன.

1910-ல் இஸ்தான்புல் நகரின் தெருநாய்கள் பல்லாயிரக்கணக்கில் பிடிக்கப்பட்டு, மர்மரா கடலில் உள்ள ஒரு வறண்ட தீவில் விடப்பட்டன. பசியாலும் தாகத்தாலும் அவை அங்கே செத்தன. துருக்கி மக்கள் அதை இன்றும் வருத்தத்தோடு நினைவுகூர்கிறார்கள்.

இன்னொரு பதில் டமாஸ்கஸில் இருக்கிறது. அங்கே ஒரு பசும்புல் வெளி, வயதாகி உழைக்க முடியாமல் உரிமையாளர்கள் கைவிட்ட குதிரைகளுக்காகவே வக்ஃபு செய்யப்பட்டிருந்தது என்று சிரியா நாட்டு அறிஞர் முஸ்தஃபா அஸ்ஸிபாயீ (ரஹ்) எழுதுகிறார். சாகும் வரை அவை அங்கே மேய்ந்தன. வாயில்லா ஜீவன்களின் முதுமைக்கும் சொத்தை வக்ஃபு செய்த சமுதாயம் நாம்.

மனிதர்களே கஷ்டப்படும்போது?

ஏழை மனிதர்கள் இருக்கையில் நாய்க்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஜகாத் பணத்தை நாய்க்குச் செலவிட முடியாது. அது குர்ஆன் குறிப்பிட்ட எட்டு வகையினரான மனிதர்களின் ஹக். ஆனால் ஸதகாவின் வாசல் விசாலமானது. நாய்க்கு ஒரு பிடி சோறு வைப்பவர், பக்கத்து வீட்டு ஏழையிடம் இருந்து அதைப் பறித்து வைப்பதில்லை. அனுபவத்தில் பாருங்கள்: பிராணியிடம் இரங்கும் மனம்தான் மனிதனிடமும் இரங்குகிறது.

நாம் என்ன செய்யலாம்?

டேனரியோ தோப்போ பட்டியோ வைத்திருப்பவர்கள், அங்கே உழைத்த நாயை முதுமையில் விரட்டாதீர்கள். நிழலில் ஒரு சாக்கு விரிப்பு, ஒரு தொட்டி தண்ணீர், ஒரு வேளைச் சோறு, இவ்வளவுதான் அது கேட்கும். காப்பகத்தில் யாரும் கேட்காத வயதான நாய் ஒன்றுக்கு இடம் தர விரும்பினால், உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள். அதன் நோய் என்ன, மருந்துச் செலவு எவ்வளவு என்பதை முன்பே விசாரித்துவிட்டு, கடைசி வரை பார்க்க முடியும் என்றால் மட்டும் எடுங்கள். எடுத்துவிட்டு மீண்டும் கைவிடுவது முதல் கைவிடலை விடக் கொடியது.

இடம் தர முடியாதவர்கள், நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு நாயின் மாத மருந்துச் செலவை ஏற்கலாம். சிறிதாயினும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்று நமக்குக் கற்றுத்தரப்பட்டிருக்கிறது.

சோறு வைப்பதிலும் கவனம் வேண்டும். மிஞ்சிய பிரியாணியைக் கொட்டுவது தர்மம் என்று நினைக்கிறோம். வெங்காயம் நாய்க்கு விஷம். வெந்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். நோயுள்ள கிழட்டு நாய்க்கு மசாலாவும் உப்பும் இல்லாத சோறும் வேகவைத்த இறைச்சியும் போதும். ஒன்றும் முடியாவிட்டால், வாசலில் ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள்.

நாய் கடித்தாலோ கீறினாலோ, உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போடுங்கள். சிறிய கீறல்தானே என்று விடாதீர்கள். இரக்கத்தோடு எச்சரிக்கையும் வேண்டும்.

அன்பானவர்களே! குகைத் தோழர்களைப் பற்றிச் சொல்லும்போது, அவர்களின் வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயையும் அல்லாஹ் தன் வேதத்தில் மறக்காமல் சொல்கிறான். நம் வாசலில் படுத்திருக்கும் நாயையும் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதை நாம் என்ன செய்தோம் என்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

யா அல்லாஹ்! பலன் தருபவர்களிடம் மட்டும் அன்பு காட்டும் குணத்தை விட்டு எங்களைக் காப்பாயாக. எங்களுக்காக உழைத்து ஓய்ந்த ஒவ்வொரு உயிரின் ஹக்கையும் நிறைவேற்றும் தவ்ஃபீக்கைத் தருவாயாக. நாங்கள் முதுமையடைந்து பலமிழக்கும் நாளில் எங்கள் மீதும் இரங்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.