ஏடும் கஞ்சியும்

அளவெட்டியிலே, கும்பழாவளைப் பிள்ளையாரை நினைந்து விசயதசமியன்று பச்சரிசியில் விரல் பதித்து ஏடு தொடக்கிய குழந்தை, பின்னர் ஊர்ப் பாடசாலைக்குப் போகும்பொழுது, எழுத்தறியும் ஆவலோடு வீட்டின் பசியையும் தாயின் பிணியையும் உடன்கொண்டே போகிறது. அவற்றையும் ஏற்றுக்கொள்ளுதல் பாடசாலையின் தருமமாமோ? அன்னதானம் மடத்துக்கும் சிகிச்சை வைத்தியசாலைக்கும் உரியன, வித்தையொன்றே வித்தியாசாலைக்கு உரியது என்பாருமுளர்.

இந்த ஆட்சேபத்துக்குச் சைவ சித்தாந்தத்திலேயே விடை உண்டு. அநாதியாக ஆணவ இருளிற் கிடக்கும் ஆன்மாவுக்கு ஞானத்தை எடுத்த எடுப்பிலே ஊட்டிவிடாது, உடம்பாகிய தனு, உட்கருவியாகிய கரணம், உலகாகிய புவனம், நுகர்பொருளாகிய போகம் என்னும் நான்கினையும் முதலிற் கூட்டுவித்து, உடம்பின் வழியே அறிவும் அறிவின் வழியே பக்குவமும் எய்தச் செய்கிறான் இறைவன் என்பது அதன் துணிபு. அந்நான்கும் விடியுமட்டும் உதவும் விளக்கைப் போல்வன. உடம்பை ஞானத்துக்கு வாயிலாக்கியது இறைவன் வகுத்த முறையாயின், மாணாக்கனுக்கு உணவளித்து, அவன் பல்லையும் கண்ணையும் பரிசோதித்து, தாய்மாருக்குச் சுகாதார போதனையும் செய்யும் பாடசாலை அம்முறைவழியே நிற்பதாகும்.

1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலரே, 1877ஆம் ஆண்டுப் பஞ்சகாலத்திற் கஞ்சித்தொட்டித் தருமமும் நடத்தினார். ஏடு கொடுத்த கைக்கு அகப்பை அந்நியமாயிருக்கவில்லை. பிற்காலத்துப் போரிலே வலிகாமத்து மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தபொழுதும், எத்தனையோ குடும்பங்களுக்கு வகுப்பறையே வீடாயிற்று.

ஆயினும், விளக்கு சூரியனாகாது. கஞ்சி வார்ப்பதோடு அமைந்துவிடும் பாடசாலை சத்திரமாகவே முடியும். அன்றியும், பாடசாலை ஊருக்குப் பொது என்னும் சொல்லின்மேல் யாழ்ப்பாணத்திலே தீராத பழங்கடன் ஒன்றுண்டு. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலே, ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் நிலத்திலிராது மற்றவரோடு ஒப்ப வாங்கில் இருக்கலாமென்னும் சம ஆசன ஏற்பாட்டை எதிர்த்து இங்கே பெருங்கிளர்ச்சி எழுந்தது; எதிர்த்தோருட் சைவாபிமானிகளும் இருந்தனர். எல்லா உயிர்க்கும் தனு கரணங்களை ஈந்தவனை வழிபடுவோர், ஒரு சாண் வாங்கை ஈயத் தயங்கினர்! ஆதலால், எங்கள் பாடசாலை ஊரின் நடுவீடு என்று சொல்லுமுன், கஞ்சிக்கும் மருந்துக்கும் வந்த தாய்மார் எவ்வரிசையில், யாருக்கு அருகே இருத்தப்பட்டனர் என்று பார்த்தல் வேண்டும்.