இனாமும் கூலியும்

வெளிநாடு புறப்படும் நண்பர்கள் விசாவுக்கும் கம்பளிச் சட்டைக்கும் அடுத்தபடியாகக் கவலைப்படுவது ஒரு சிறு விஷயத்தைப் பற்றி: ஹோட்டலில் சாப்பிட்டு முடிந்ததும் பரிமாறியவருக்கு எவ்வளவு இனாம் வைப்பது? கணக்குக் கேள்வி என்று நினைத்துத்தான் கேட்கிறார்கள். எனக்கோ இது தர்மக் கேள்வியாகவே படுகிறது.

இனாம் என்றால் கொடுக்காமலும் இருக்கலாம் என்று பொருள். கொடுக்காவிட்டால் ஒருவர் வீட்டில் அடுப்பு எரியாது என்ற நிலை வந்துவிட்டால், அதன் பெயர் இனாம் அல்ல, கூலி.

அமெரிக்காவில் இந்தக் குழப்பம் சட்டமாகவே இருக்கிறது. மத்திய அரசு விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். ஆனால் இனாம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தம் கையிலிருந்து 2 டாலர் 13 சென்ட் கொடுத்தால் போதும். மீதியைச் சாப்பிட வருகிறவர்களின் இனாம் ஈடு செய்ய வேண்டும். அது போதாமற் போனால்தான் முதலாளி குறையை நிரப்ப வேண்டும். 1991-ல் வந்த அந்த 2 டாலர் 13 சென்ட் இன்றுவரை ஏறவில்லை. கலிபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்கள் மட்டும் முழுக் கூலியையும் முதலாளியே தரவேண்டும் என்கின்றன.

இதற்குப் பழைய வேர் ஒன்று உண்டு. அந்நாட்டின் உள்நாட்டுப் போருக்குப் பிறகு, புல்மன் கம்பெனி தன் படுக்கை ரயில் பெட்டிகளில் பணிபுரிய, விடுதலை பெற்ற கறுப்பின அடிமைகளை அமர்த்தியது. சம்பளம் சொற்பம், பிரயாணிகளின் இனாமே பிழைப்பு. 1925-ல் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அந்தச் சிப்பந்திகள் சங்கம் அமைத்தார்கள். 1937-ல்தான் கம்பெனி பணிந்து ஒப்பந்தம் செய்தது. அவர்கள் வேண்டியது தாராளமான பிரயாணிகளை அல்ல. இனாமை நம்பாமல் வாழும்படியான சம்பளத்தை.

கதை எழுதுகிறவனுக்குக் கணக்கைவிட முகம் முக்கியம். பிழைப்பு இனாமில் இருக்கும்போது, பரிமாறுகிறவரின் புன்னகை அவருடையதாக இருப்பதில்லை. சாப்பிடுகிறவரும் மாறிப் போகிறார். அரைமணி நேரத்துக்கு அவர் ஒரு சின்ன ஜமீன்தார். தண்ணீர் வரத் தாமதமானால் மனத்துக்குள் ஒரு டாலரைக் குறைத்துவிடுகிறார். இன்னொருவரின் அன்றாடக் கூலியைத் தம் மனம்போல நிர்ணயிக்கும் அதிகாரத்தை இவருக்கு யார் கொடுத்தது?

ஜப்பானில் இனாம் வைக்கும் வழக்கம் இல்லை. மேஜையில் விட்டுவந்த பணத்தை, மறந்துவிட்டீர்கள் என்று ஓடிவந்து திருப்பித் தருவார்கள். அதனால் அங்கே உபசாரம் குறைந்துவிடவில்லை. பழைய பாணி விடுதிகளில் மட்டும் சிலர் உறையில் இட்டு ஒரு சிறு தொகை கொடுப்பதுண்டு. பெரும்பாலும் வந்து இறங்கியவுடனேயே. சேவையை நிறுத்துப் பார்க்குமுன் கொடுப்பதால் அது அன்பளிப்பாகவே இருக்கிறது. பிரான்சில் 1987 முதல், விலைப்பட்டியலில் காணும் விலைக்குள்ளேயே சேவைக் கட்டணமும் அடக்கம். அதற்குமேல் நாலு காசு வைத்தால் அது மனமகிழ்ந்து வைப்பது.

"நன்றாக உழைப்பவருக்கு அதிகம் கிடைப்பது நியாயம்தானே?" என்பார்கள். நியாயம்தான். ஆனால் டாக்டரும் வாத்தியாரும் நன்றாக உழைக்க, நாம் மேஜைமேல் சில்லறை வைப்பதில்லையே!

அப்படியானால் அமெரிக்காவில் இனாம் வைக்க மறுப்பதா? அங்கேதான் நம்மவர் சிலர் சறுக்குகிறார்கள். "கொள்கைக்காக நான் இனாம் வைப்பதில்லை" என்று எழுந்து வந்துவிடுகிறார்கள். முதலாளிக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அவருக்குரிய பணம் பில்லோடு போய்விட்டது. நஷ்டப்பட்டது இரவு பத்து மணிவரை நின்ற கால்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதுபோல, பரிமாறியவர் காசில் நாம் கொள்கை நடத்துகிறோம். கொள்கைக்கு ஒரு விலை உண்டென்றால், அதைக் கொள்கை உடையவரே கொடுக்க வேண்டும்.

ஆகவே, கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்த ஊரில் நூற்றுக்குப் பதினைந்தோ இருபதோ வைப்பது வழக்கமானால், சாப்பாட்டின் விலையோடு அதையும் சேர்த்துக் கணக்கிட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள். அந்தச் செலவு தாங்காதென்றால் மலிவான இடம் தேடுங்கள். வைக்கும்போது, கொடையாளியின் முகத்தோடு வைக்காதீர்கள். கடன் தீர்ப்பவரின் முகத்தோடு வையுங்கள்.