கொடையும் கடனும்: இளைப்பாறியோர் கணிதம் கற்பித்தல் குறித்து ஓர் ஒழுக்கவியல் நோக்கு

கல்வியானது கொடுக்கக் குறையாத செல்வம் என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்தாகும். பொன்னையும் நெல்லையும் ஈந்தால் ஈந்தவரின் இருப்புக் குறைகின்றது. அறிவை ஈந்தால் அது குறைவதில்லை என்பர். இக்கூற்று உண்மையே எனினும் முழுமையானதன்று. கற்பிப்பவரின் அறிவு குறையாவிடினும் அவரது காலம் குறைகின்றது. அறுபது வயதைக் கடந்த ஒருவருக்கு எஞ்சியுள்ள காலமோ பெரிதன்று. அங்ஙனமிருக்க, அரசசேவையிலிருந்து இளைப்பாறிய ஒருவர், அயலிலுள்ள பாடசாலைப் பிள்ளைகளை மாலைவேளைகளில் தம் வீட்டு விறாந்தையில் இருத்திக் கணிதம் கற்பிப்பாராயின், அச்செயலை எங்ஙனம் மதிப்பிடுவது? அது அவர் விரும்பினாற் கொடுக்கும் கொடையா? அன்றி அவர் தீர்க்கவேண்டிய கடனா?

இலங்கையில் இலவசக் கல்வித் திட்டம் 1945ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இன்று இளைப்பாறியோராய் வாழ்பவருள் மிகப் பெரும்பாலோர் அதன் பின்னர் பாடசாலை புகுந்தோரே. அவர்களது கல்விக்கான செலவை இந்நாட்டு மக்கள் சுமந்தனர். தம் சொந்தப் பிள்ளைகளை உயர்வகுப்புவரை அனுப்ப இயலாதிருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் உழைப்பும் அதில் அடங்கும். ஆதலின், ஒருவர் பெற்ற கணித அறிவு முற்றிலும் அவர்தம் தனியுடைமை எனல் பொருந்தாது. அது கடன்பட்ட அறிவு. ஆயினும் கடன் கொடுத்தோருள் பலர் இன்று இல்லை. திருப்பிக் கொடுப்பதாயின் அடுத்த தலைமுறையினர்க்கே கொடுத்தல் வேண்டும்.

நன்னூலார் ஆசிரியராகும் தகுதியற்றோர்க்குக் கூறும் உவமைகளுள் முடத்தெங்கு என்பதும் ஒன்று. ஒருவர் நீர்வார்த்து வளர்க்க, வேலிக்கு அப்பால் வளைந்து அயலவர் வளவில் காய் உதிர்க்கும் தென்னை அது. வளர்த்தவர்க்கு உதவாமை அதன் குற்றம். ஆனால் தலைமுறைகளுக்கிடையிலான இக்கடனைப் பொறுத்தவரை அவ்வளைவே முறையாகின்றது. ஒரு தலைமுறை வார்த்த நீருக்கு மற்றொரு தலைமுறையின் வளவிலேயே காய் உதிர்க்கவேண்டியுள்ளது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். முப்பது, நாற்பது ஆண்டுகள் சேவையாற்றியவர் தம் கடனை அப்போதே தீர்த்துவிட்டார். ஓய்வு அவரது உரிமை. அதனைப் பறிக்க எவருக்கும் அதிகாரமில்லை என்பர். இம்மறுப்பில் நியாயமுண்டு. ஜெர்மானிய மெய்யியலாளரான காண்ட் 1785இல் வெளியிட்ட தமது ஒழுக்கவியல் நூலில் கடமைகளை நிறைகடமை, நிறைவுறாக் கடமை என இருவகையாகப் பகுத்தார். பொய் வாக்குறுதி அளியாமை முதல்வகை. பிறர்க்கு உதவுதல் இரண்டாம்வகை. பின்னையதை எப்போது, யார்க்கு, எவ்வளவு ஆற்றுவது என்பது ஆற்றுவோரின் தீர்ப்புக்கு உரியது. இளைப்பாறியவரின் கடமையும் இத்தகையதே. பிறர் அதனை வற்புறுத்திக் கேட்டல் தகாது. கேட்பாரில்லை என்பதனால் அது கடமையன்று என்றும் ஆகாது.

இனி, கொடுக்கப்படவேண்டியது யாது என நோக்குவோம். க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் எல்லோரும் பயிலவேண்டிய பாடம். அதில் பின்தங்கும் பிள்ளை, விடைகளைத் தவறவிடுவதோடு நில்லாது, “எனக்குக் கணக்கு வராது” எனத் தன்னைப் பற்றியே ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றது. பாடத்திட்டத்தை முடிக்கவேண்டிய வகுப்பாசிரியருக்கும், நிறைந்த மண்டபத்தில் மாதிரி வினாத்தாள் செய்துகாட்டும் தனியார் கல்வி நிலையத்தாருக்கும் அப்பிள்ளைக்காகத் தரித்து நிற்க நேரமில்லை. இளைப்பாறியவருக்கு அது உண்டு.

எடுத்துக்காட்டாக, அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொன்னால், மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டி, ஐந்திலிரண்டு என எழுதும் பிள்ளைகள் பலர். “பிழை, ஆறிலைந்து” எனத் திருத்துவதற்கு ஒரு நொடி போதும். “ஐந்திலிரண்டு அரையிலும் பெரிதா, சிறிதா?” என வினவிவிட்டு வாளாவிருத்தற்கோ நெடுநேரம் வேண்டும். பிள்ளை கொப்பியில் வரைந்து பார்க்கும். அரையோடு ஒன்றைக் கூட்டியபின் அரையிலும் குறைவது எங்ஙனம் எனத் திகைக்கும். தன் பிழையைத் தானே காணும். அங்ஙனம் கண்டதை எவரும் அதனிடமிருந்து பறித்தல் இயலாது.

பிளேட்டோவின் ‘மேனோ’ என்னும் உரையாடலில் சோக்கிரதீசு, கல்வியறியா அடிமைச் சிறுவனிடம் ஒரு சதுரத்தின் பரப்பை இருமடங்காக்கும் வழியைக் கேட்கின்றார். சிறுவன் பக்கத்தை இருமடங்காக்குகின்றான், பரப்பு நான்மடங்காகின்றது. மீண்டும் முயன்று தவறியபின் தனக்குத் தெரியாதென ஒப்புகின்றான். அதன் பின்னரே மூலைவிட்டம் அவனுக்குப் புலனாகின்றது. அறிவெல்லாம் முற்பிறப்பின் நினைவே எனப் பிளேட்டோ இதிலிருந்து கொள்ளும் முடிவை நாம் ஏற்கவேண்டியதில்லை. கணிதத்தில் வயதும் பதவியும் சான்றாகா என்பதே நாம் கொள்ளத்தக்கது. முன்னாள் அதிபராயினும் அவர் சொல்வதைப் பத்து வயதுப் பிள்ளை சோதித்துப் பார்க்கலாம். முதுமைக்கு மரியாதை செய்யும் நம் சமுதாயத்தில், முதியவரும் சிறுவரும் ஒரே நியாயத்துக்குக் கட்டுப்படும் இடம் இதனைப்போல் அரிது.

ஊதியம் பெறுதல் குற்றமா எனவும் கேட்கலாம். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் ஓய்வூதியத்தின் வாங்கும் வலு சுருங்கியதை யாவரும் அறிவர். மருந்துக்கும் உணவுக்கும் போதாதவர் சிறு தொகை பெறுவதைப் பழித்தல் அறமாகாது. ஆயினும், மணிக்கு இவ்வளவு என எண்ணத் தொடங்கும்போது, பிள்ளை மௌனமாய்ச் சிந்திக்கும் கால்மணி நேரம் வீண்செலவாகத் தோன்றும். பெற்றோரும் அங்ஙனமே கருதுவர். அவசரம் உட்புகும் அவ்விடத்தில், இளைப்பாறியவர் மற்றொரு தனியார் கல்வி நிலையமாகிவிடுகின்றார்.

ஆகவே, இளைப்பாறியோர் கணிதம் கற்பித்தல் கடனே என்பது எமது துணிபு. அக்கடனை விடைகளாற் செலுத்த முடியாது. விடைகள் வினாத்தாட் தொகுதிகளின் இறுதிப் பக்கத்திலேயே உள்ளன. ஒரு பிள்ளை தானே காணும்வரை அதனருகில் பொறுமையோடு இருப்பதே செலுத்தும் முறை. எஞ்சியுள்ள காலம் சிறிதாகிய ஒருவர் அதிலொரு பகுதியை இங்ஙனம் செலவிடுதல் எளிதன்று. எளிதன்று என்பதனாலேயே, அவரிடம் கற்கும் பிள்ளையும் ஒருநாள் கடன்பட்டதாகின்றது.