நந்தனார் கொடுத்த தோல்

குரோம்பேட்டையில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லித் தருகிறேன். சேர்க்க வரும் பெற்றோர் சிலர் இப்போது கேட்கிறார்கள்: "சார், ஃபைபர் மிருதங்கமே வாங்கிடலாமா? மாட்டுத்தோல் போட்டதை எப்படி சார் சாமி ரூம்ல வைக்கிறது?"

கேட்க வேண்டிய கேள்விதான். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் இருக்கின்றன. இழுத்துக் கட்டிய வார் எருமைத்தோல். தோல் முகத்தை மூட்டு என்போம்; புது மூட்டு ஒன்றை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மயிர்க்கால் புள்ளிகூடத் தெரியும். உயிர் போயிருக்கிறது. அதை மறைத்துவிட்டு நாதப்பிரம்மம் பேச எனக்கு மனம் வருவதில்லை.

உயிர் போயிற்றே என்று வருந்துகிறவரை நான் கும்பிடுவேன். பெங்களூர் கே. வரதரங்கன் உருவாக்கியது போன்ற செயற்கைத் தோல் மிருதங்கங்கள் கிடைக்கின்றன. மழைக்காலத்திலும் சுருதி இறங்காது. தோலில் வரும் சாப்பு அடியின் நாதம் என் காதுக்கு அதில் கிடைக்கவில்லை; ஆனாலும் ஓர் உயிருக்காக நாதத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது பெரிய காரியம். (வீட்டில் பாலும் நெய்யும் புழங்கினால், கறவை நின்ற மாடு எங்கே போகிறது என்றும் யோசிக்க வேண்டும்.)

பெரும்பாலும் கேள்விக்குள் இருப்பது தீட்டு. அதற்குப் பதில் பக்கத்துக் குன்றத்தூரிலேயே இருக்கிறது. அவ்வூர்ச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் தீண்டாமையால் கோயிலுக்குள் விடப்படாத நாயனார் நந்தனார் செய்த தொண்டைப் பெரியபுராணத்தில் விவரமாக எழுதியிருக்கிறார்: சிவன் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்தார். கோரோசனை மாட்டின் பித்தப்பையில் விளைவது. அது சாமி வரைக்கும் போயிற்று. கொடுத்தவர் வாசலில் நின்றார். திருப்புன்கூரில் அவர் வாசலிலிருந்தே சிவனைப் பார்க்க விலகியது யார்? சிவன் ஆடும்போது மத்தளம் வாசிக்கும் நந்தி. மாடே வழிவிட்டது. தில்லையிலோ அவர் தீயில் இறங்கித்தான் உள்ளே போக முடிந்தது.

அந்த வாசல் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றி பாடகர் டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்தபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. அந்தக் கைவினைஞர்களில் பலர் தலித் கிறிஸ்தவர்கள். அவர்கள் கை படாத கச்சேரி உண்டா?

உயிருக்காக என்றால் தாராளமாக ஃபைபர் வாங்குங்கள். நானே வந்து பார்த்து எடுத்துத் தருகிறேன். தீட்டுக்காக என்றால் வேண்டாம். தோல் மிருதங்கமே வாங்கி சாமி ரூமில் வையுங்கள். மூட்டுப் போட்டுத் தருபவரை வரும் சரஸ்வதி பூஜைக்கு வீட்டுக்கு அழைத்து, கூடத்தில் உங்களோடு உட்காரவைத்துச் சாப்பாடு போடுங்கள்.