காகிதமும் மையும் போதாது



அப்போஸ்தலரான அர்ச். அருளப்பர் எழுதிய இரண்டாம் நிருபம் 13 வசனங்களே கொண்ட சிறு கடிதம். சொல்ல வேண்டியவை இன்னும் அநேகம் இருந்தும், அவற்றைக் காகிதத்திலே எழுத மனமில்லாமல், நேரில் வந்து முகம் பார்த்துப் பேசவே விரும்புவதாகச் சொல்லி அவர் அதை முடிக்கிறார். கடிதத்தை அவர் இகழவில்லை; இகழ்ந்திருந்தால் எழுதியே இருக்கமாட்டார். ஆனால் கடிதத்தோடு சிநேகம் முடிந்துவிடாது என்று அறிந்திருந்தார்.

இந்தப் பாடம் இன்று நமது பிள்ளைகளுக்கு அவசியம். 2020 மார்ச்சிலே கொள்ளைநோயினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. எட்டாம் வகுப்புக்கு உட்பட்ட சிறுவர்களுக்கு நமது மாநிலத்தில் அவை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதிதான். இடையிலே செல்போனும் கல்வித் தொலைக்காட்சியும் ஆசிரியர்களாயின. அக்காலம் கடந்துபோயிற்று; ஆன்லைன் படிப்போ கடந்துபோகவில்லை. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் ஆரம்பித்த இணையவழிப் பட்டப்படிப்பைப் போன்றவற்றை, வீட்டிலிருந்தபடியே வாலிபர் படிக்கிறார்கள். ஏழைப் பிள்ளைக்கும் சென்னைப் பேராசிரியரின் பாடம் எட்டுகிறதே, இது நன்மை அல்லவா? நன்மைதான். அதற்காகச் சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம் சொல்வோம்.

ஆனாலும் பள்ளிக்கூடம் பாடத்தை மாத்திரமா கற்பித்தது? மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பக்கத்திலிருப்பவனுக்கு ஒரு கவளம் கொடுக்கக் கற்பித்தது. நேற்று சண்டை போட்டவனோடு இன்று அதே பெஞ்சியில் உட்கார்ந்து, வெட்கப்பட்டு, பிறகு சிரித்து, மன்னிக்கக் கற்பித்தது. செல்போனிலோ பிடிக்காதவன் முகத்தை ஒரு விரலால் அழித்துவிடலாம். மன்னிக்க வேண்டிய அவசியமே நேராது. மன்னித்துப் பழகாத பிள்ளை நாளைக்கு எப்படி நல்ல கணவனாவான், நல்ல மனைவியாவாள்? பெற்றோரே, இதைச் சற்று யோசியுங்கள்.

இராஜபாளையத்தில் நூல் மில்லுக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் குடும்பங்கள் அநேகம். தகப்பன் இரவு வேலை முடிந்து தூங்குவான். தாய் பகல் வேலைக்குப் போயிருப்பாள். பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு செல்போனோடு இருக்கும். அதே பாடத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் மற்றொரு பிள்ளை தனியாகப் படித்துக்கொண்டிருக்கலாம். இடையிலே சுமார் 12 கிலோமீட்டர் தூரந்தான். பஸ் ஓயாமல் ஓடுகிறது. இருந்தும் ஒருவரையொருவர் அறியார்.

“வெளியே விட்டால் கெட்ட சகவாசம் வந்துவிடுமே, சாமி” என்பீர்கள். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் கெட்ட சகவாசம் சாத்திய கதவுக்குள்ளும் செல்போன் வழியாய் நுழைகிறது. பெரியோர் கண்ணெதிரே, திறந்த முற்றத்தில் உண்டாகும் சிநேகம் அதைவிடப் பத்திரமானது.

நமது ஆண்டவரைப் பாருங்கள். தீர்க்கதரிசிகள் மூலமாய்ப் பேசியதோடு நின்றுவிடாமல், சர்வேசுரன் தாமே மனுஷனாகி நம் நடுவே வந்தார். சீஷர்களை ஊர்களுக்கு அனுப்பும்போதும் ஒவ்வொருவராய் அனுப்பாமல் இருவர் இருவராகவே அனுப்பினார். நம் காலத்து அர்ச். கார்லோ அகுதிஸ் கம்ப்யூட்டர் வித்தையில் கெட்டிக்காரப் பையன். 2006-ல் 15 வயதிலே மரித்தான். 2025 செப்டம்பர் 7-ந் தேதி 14-ம் லியோ பாப்பரசர் அவனை அர்ச்சியசிஷ்டவனாகப் பிரகடனம் செய்தார். அவன் கம்ப்யூட்டரைக் கொண்டு திவ்விய நற்கருணையின் அற்புதங்களை உலகுக்கு அறிவித்தான்; ஆயினும் அதோடு நிற்காமல் மிலான் நகர வீதிகளில் வீடற்றோருக்குச் சாப்பாடு கொண்டுபோனான். பரிகசிக்கப்பட்ட பள்ளித் தோழர்களுக்குப் பக்கத்துணையாய் நின்றான்.

நாம் செய்யக்கூடியது என்ன? 2021-ல் அரசாங்கம் ஆரம்பித்த “இல்லம் தேடிக் கல்வி” திட்டத்திலே, தன்னார்வலர்கள் சாயங்காலங்களில் அந்தந்தத் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படிப்பித்தார்கள். திண்ணையும் மரத்தடியும் வகுப்பாயின. அதையே நாமும் செய்யலாம். ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு மணி நேரம் கோவில் முற்றம் திறந்திருக்கும். வீட்டிலிருந்து ஆன்லைனில் படிக்கும் பிள்ளைகள் எந்த மதத்தாராயினும் வரலாம். பாடத்தில் சந்தேகம் கேட்கட்டும், பந்து விளையாடட்டும், கொண்டுவந்த பலகாரத்தைப் பங்கிட்டுச் சாப்பிடட்டும். செல்போன்கள் மேஜைமேல் இருக்கட்டும். மாதம் ஒருமுறை இராஜபாளையத்துப் பிள்ளைகள் ஸ்ரீவில்லிபுத்தூர் போகட்டும். மறுமாதம் அவர்கள் இங்கே வரட்டும். வாராத பிள்ளை வீட்டுக்கு, வந்த பிள்ளைகள் இருவர் போய் விசாரிக்கட்டும்.

ஐ.ஐ.டி.யாரும் பாடத்தை இணையத்தில் நடத்தினாலும், பரீட்சைக்கு மாணவரை நேரில் வரச் சொல்லுகிறார்கள். பிறர்சிநேகத்திலும் நமக்கு ஒரு பரீட்சை உண்டு. வியாதியாயிருந்தேன், வந்து பார்த்தாயா என்று நடுத்தீர்வை நாளில் ஆண்டவர் கேட்பார். செய்தி அனுப்பினேன் என்ற பதில் அங்கே போதுமா, பிரியமானவர்களே?

ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமி