நாளை மறந்த தாய்க்குத் தோஷமா?

தமிழ்நாட்டு அரசின் விடுமுறைப் பட்டியலில் சரஸ்வதி பூசை 2023 இல் ஒக்ரோபர் 23, 2024 இல் ஒக்ரோபர் 11, 2025 இல் ஒக்ரோபர் 1. இப்படி ஓடித் திரிகிற நாள்களைக் காலபோக விதைப்பு நெருங்குகிற கிழமைகளில் வட இலங்கையின் பரந்தனில் ஒரு தாய் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரு வருடம் தவறிவிடுகிறது. சரஸ்வதி பூசையையொட்டிய பாடசாலை வாணி விழாவுக்கு வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் பட்டுடுத்தி அவலும் கடலையுமாய் வந்திருக்க, அவளுடைய பிள்ளை மட்டும் சீருடையோடு போய் நிற்கிறது.

அன்று பின்னேரம் அந்த வீட்டில் எழுகிற கேள்வி பார்வைக்குச் சின்னது. ஆனாலும் அது சமயக் கேள்விதான். நாளைத் தவறவிட்டது குற்றமா? குற்றம் என்றால், யாருடையது?

சைவ ஆகமங்கள் கிரியைகளை நித்தியம், நைமித்திகம், காமியம் என்று வகுக்கின்றன. அன்றாடப் பூசை நித்தியம். பழகிய உடம்பே அதை நினைவில் வைத்துக்கொள்ளும். நவராத்திரி, சிவராத்திரி, குருபூசை போன்றவை நைமித்திகம். காரணமான நாள் வந்து சேர்ந்தால்தான் கடமை பிறக்கும். பாடசாலைக்கும் இந்தப் பிரிவு பொருந்தும். மணி அடிக்க முன்னம் பிள்ளையை வெளிக்கிடுத்தி அனுப்புவதை எந்தத் தாயும் மறப்பதில்லை. வாணி விழா, நாவலர் குருபூசை, ஒளிவிழா, விளையாட்டுப் போட்டி எல்லாம் மற்றப் பக்கம்.

காரணமான நாள் எது என்று அறிவது லேசல்ல. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி. சந்திரனின் வேகம் சீரில்லாததால் ஒரு திதி ஏறக்குறைய 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரமும் நீளலாம். சிவராத்திரிக்குச் சதுர்த்தசி நள்ளிரவில் நிற்க வேண்டும். விநாயக சதுர்த்திக்குச் சதுர்த்தி நண்பகலில் நிற்க வேண்டும். பன்னிரண்டு சந்திர மாதங்கள் கூடினாலும் 354 நாள்தான். ஆகவே விழாக்கள் ஆண்டுக்குப் பத்து முதல் பன்னிரண்டு நாள் வரை முன்னுக்கு வந்து, மிகைமாதம் ஒன்று புகுந்ததும் பழையபடி பின்னுக்குப் போகும்.

வடக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வீட்டுச் சுவரில் கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம். அடுத்த வீட்டில் மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கம். முன்னது பழைய வாக்கியங்களில் நிற்கிறது, பின்னது இன்றைய வானியல் கணிப்பைத் தழுவுகிறது. திதி முடியும் நேரம் மணிக்கணக்கில் விலகுகிற ஆண்டுகளில் விரதமே ஒரு நாள் தள்ளிப் போய்விடும். கடவுளுக்கு அதில் சங்கடம் இருப்பதாகத் தெரியவில்லை. பாடசாலைக்குத்தான் ஒரே நாள் வேண்டியிருக்கிறது.

அரசும் ஒருகாலம் சந்திரனைப் பின்பற்றிப் பார்த்தது. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாள்தான் வார ஓய்வு நாள். பிறைக் கணக்கு ஏழு நாளுக்குள் சரியாக அடங்காது. அதனால் கிழமையும் ஒரு தரம் ஏழு நாள், ஒரு தரம் எட்டு நாள் என்று நீண்டு சுருங்கியது. பாடசாலைகளும் அந்தக் கணக்கில்தான் ஓடின. ஆனால் போயா எது என்று அரசுதான் சொன்னது. வீட்டுக்கு வீடு வானத்தைப் பார்த்துக் கணிக்கும்படி எவரும் கேட்கவில்லை.

இப்போதும் சிவராத்திரிக்கு மறுநாள் வடக்கின் தமிழ்ப் பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டு, ஒரு சனிக்கிழமை பதில் பாடசாலை நடத்துவதுண்டு. இரவு முழுதும் கண்விழித்தவர்களுக்கு நியாயமான ஏற்பாடுதான். என்ன, விடுமுறைச் செய்தி எல்லார் காதுக்கும் எட்டிவிடும்; பதில் சனிக்கிழமை எட்டாது.

வேதக் கிரியைகளை ஆராயும் மீமாம்சைச் சாத்திரம் இந்த வழக்கை வெகு காலத்துக்கு முன்பே விசாரித்திருக்கிறது. கிரியைக்கு உரியவர் யார் என்று கேட்டு, விருப்பம், ஆற்றல், அறிவு மூன்றும் உள்ளவர் என்கிறது. அறிவு சேராத இடத்தில் கடமை முழுமையாகப் பிறக்கவில்லை. அறிந்துகொள்வதும் ஒரு கடமைதானே என்று கேட்கலாம். கேள்வி சரி. ஆனால் அதே சாத்திரம் அந்த அறிவின் வாசலைப் பெண்களுக்கும் வேறு பலருக்கும் அடைத்து வைத்திருந்தது. வாசலை அடைத்துவிட்டு உள்ளே வரவில்லையே என்று குறை சொல்ல முடியாது. அடைத்த வாசலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு எடுத்துச் சொல்வது அறிந்தவர் கடன்.

வழக்கத்திலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பில் பஞ்சாங்கம் வாசிக்கிறவர் வாசிப்பார், ஊர் இருந்து கேட்கும். நோன்புக்குப் பிறை கண்ட செய்தியைக் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடுகிறவர்கள் அறிவிப்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் ஜனவரியில் வரும் திருக்காட்சிப் பெருவிழா வழிபாட்டிலேயே அந்த ஆண்டின் உயிர்த்த ஞாயிறு எந்த நாள் என்று அறிவிக்கும் மரபு இருக்கிறது. மூன்று சமயத்திலும் கணக்கு அறிந்தவர் தலையில், கொண்டாட்டம் எல்லாருக்கும்.

ஆகவே வாணி விழாவை மறந்த தாய்க்குத் தோஷம் இல்லை. நாளை அறிந்திருந்தும் நேரத்தோடு சொல்லாதவர் பக்கம்தான் அது சேரும். முதல் நாள் இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப் குழுவில் போடுவதை அறிவித்தல் என்று கணக்கில் எடுக்க முடியாது. கைபேசி தகப்பனோடு வயலில் இருக்கும், டேட்டா முடிந்திருக்கும், அல்லது குழுவில் வந்து விழுந்த காலை வணக்கப் படங்களுக்குள் செய்தி புதைந்து போயிருக்கும்.

பரந்தனில் உள்ள அதிபர்களிடமும் பெற்றோர் சங்கங்களிடமும் கேட்பது ஒரு தாள்தான். தவணை தொடங்கும் கிழமையிலேயே அதை ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியிலும் ஒட்டி விடுங்கள். திகதி, கிழமை, எந்தப் பஞ்சாங்கத்தின்படி, விழா எத்தனை மணிக்கு முடியும், என்ன உடுப்பு, என்ன கொண்டுவர வேண்டும், பதில் சனிக்கிழமை எது என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். அதே தாளில் ஒன்றைக் கோயில் மண்டபத்திலும் தேவாலய வாசலிலும், ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரிகிற சந்தியில் உள்ள கடைகளிலும் ஒட்டலாம். மீமாம்சை கேட்ட ஆற்றலையும் மறந்துவிடக்கூடாது: அவலும் கடலையும் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அதை வகுப்பே பார்த்துக்கொள்ளும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.