குத்துவிளக்கு யாருக்கு?

1729-இல் திருவிதாங்கூர் அரசர் ராமவர்மா இறந்தபோது, அடுத்த வாரிசு யார் என்பதில் சட்டக் குழப்பம் எதுவுமில்லை. மருமக்கத்தாய முறை, சகோதரி வழிப் பிள்ளைக்கே பட்டம். மார்த்தாண்ட வர்மா அரியணை ஏறினார். ஆனால் இறந்த அரசரின் மகன்கள் இருவரும், அப்பாவின் சொத்தில் எங்களுக்கு இல்லாத உரிமையா என்று கிளம்பினார்கள். எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நாயர் பிரபுக்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். கொலையில்தான் முடிந்தது. 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே குலதெய்வமான பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்து, அவருடைய தாசனாக ஆண்டார்.

நமக்கு அந்த வசதி ஏது? இருப்பது கரமனைப் பக்கம் பத்து சென்ட், ஓர் ஓட்டு வீடு. உயில் எழுத முத்திரைத்தாள்கூட வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு பேர் சாட்சி போட்டால் போதும். பங்கு பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, செய்துவிட்டால் நல்லது. பாங்கில் நாமினி பெயர் கொடுத்தாயிற்றே என்றும் இருந்துவிட வேண்டாம். நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், அதனாலேயே சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார்.

இதெல்லாம் சுலபம். குறைவாகப் பெறப்போகிற பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, ஏன் குறைவு என்று நம் வாயால் சொல்வதுதான் கஷ்டம். அதைத்தான் வக்கீல் தலையில் கட்டிவிடுகிறோம்.

நிலத்தை சர்வேயர் அளந்து பிரித்துவிடுவார். அம்மா தினமும் ஏற்றிய குத்துவிளக்கு ஒன்று, மகள்கள் இரண்டு. அந்த விளக்கை எந்த உயிலிலும் நான் பார்த்ததில்லை.